லூப் ஆன்டெனாவில் 50 வாட் எங்கே போகிறது? 3.6 மெகாஹெர்ட்ஸ் அனுபவமும் அளவீடுகளும்

கோரையாற்றங்கரை | சனி, இரவு 9.40

அன்பர்களுக்கு வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து அமெச்சூர் வானொலியில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானலையில், பேசுகிறேன். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, எங்கள் கொல்லையில் நின்ற பதினொரு தென்னைகளில் ஒன்பது சாய்ந்துவிட்டன. 80 மீட்டர் அலைவரிசைக்கான (3.6 மெகாஹெர்ட்ஸ்) என் டைபோலை, அதாவது இரு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனாவை, தாங்கிய இரண்டும் அவற்றில் போயின. பிறகு வைத்த கன்றுகள் இன்னும் கம்பி தாங்கும் உயரத்துக்கு வரவில்லை. மனையின் அகலம் 12 மீட்டர்தான். கிழக்கு வேலியை ஒட்டி 11 கிலோவோல்ட் மின்பாதை போகிறது. 40 மீட்டர் கம்பியை இழுத்துக் கட்ட எனக்கு இடமே இல்லை.

ஆகவே இந்தக் கோடையில் மாடியில் ஒரு லூப், அதாவது வளைய ஆன்டெனா, கட்டினேன். 22 மி.மீ. செம்புக் குழாய், பக்கத்துக்கு 2 மீட்டர், சதுர வடிவம், செங்குத்தாக நிற்கிறது. அடிப்பக்கம் தளத்திலிருந்து அரை மீட்டர் உயரம். நான்கு மூலைகளிலும் குழாயின் முனைகளை நசுக்கித் துளையிட்டுப் பித்தளை போல்ட்டால் முடுக்கியிருக்கிறேன். மேல்பக்கத்தின் நடுவே, மூத்த அன்பர் ஒருவர் அன்போடு கொடுத்த, தகடுகளுக்கு நல்ல இடைவெளியுள்ள டிரான்ஸ்மிட்டர் கபாசிட்டர்; அதைத் திருகித்தான் டியூன் செய்கிறேன். அடிப்பக்கத்தில், டிரான்ஸ்மிட்டரின் சக்தியை லூப்புக்கு ஊட்டும் சிறிய இணைப்பு வளையம்.

எஸ்.டபிள்யூ.ஆர். (ஊட்டும் சக்தி ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறதா என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.1. டியூனிங் ஊசிமுனை போல் இருக்கும், அதிர்வெண் சற்று மாறும்போதெல்லாம் திருகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். என்னுடையது அப்படி இல்லை. இரண்டு மூன்று கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தாலும் தாங்குகிறது. மகிழ்ந்திருந்தேன்.

ஆனால் இரவு 9 மணிக்குத் திருச்சி நண்பர்கள் என் குரலைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மன்னார்குடியில் அதே 50 வாட்டில் தாழ்வான டைபோல் வைத்திருப்பவர் கணீரென்று கேட்கிறார். கணக்குப்படி என் லூப்பின் திறன் (ஊட்டும் சக்தியில் வானில் போகும் பங்கு) 15 விழுக்காடு வர வேண்டும். வருவதாகத் தெரியவில்லை. மிச்சம் எங்கே போகிறது?

வெண்ணாற்றங்கரை | சனி, இரவு 10.15

நண்பரே, நேராகச் சொல்லிவிடுகிறேன். 3.6-இல் 2 மீட்டர் லூப் என்பது அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுற்றளவு மட்டுமே உள்ள கம்பி. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் கிடக்கும் டைபோல்கூட அதை வென்றுவிடும். ஒரே ஒரு 10 மீட்டர் கம்பம் நட்டு, கைகள் இரண்டையும் தாழ இறக்கிக் கட்டிப் பாருங்கள். பக்கத்து வயல்காரரிடம் கேட்டால் ஒரு முளை அடிக்க இடம் தர மாட்டாரா?

அரசலாறு | சனி, இரவு 10.32

கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். என் ஐயம் வேறு. இதே லூப்பை 7.1-இல் இயக்கினால் திறன் பல மடங்கு ஏறுமே? 3.6-ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

கோரையாற்றங்கரை | சனி, இரவு 11.05

வெண்ணாற்றங்கரை ஐயா, கம்பி வெல்லும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 12 மீட்டர் மனையில், ஒரு பக்கம் உயர் மின்பாதை இருக்க, புயல் காற்றில் அறுந்து ஆடும் கம்பியை நான் கட்ட மாட்டேன். அறுந்த முனை அந்தப் பாதையில் விழுந்தால் வீட்டோடு போய்விடும்.

அரசலாறு அம்மா, பகலில் 7.1 போதும். இங்கிருந்து திருச்சி, சிதம்பரம் எல்லாம் மேலே அடித்துத் திரும்பி வரும் அலையில் பேசிவிடலாம். பிரச்சினை இரவில். அலையைத் திருப்பியனுப்பும் வளிமண்டல மேலடுக்கின் (அயனி மண்டலம்) அடர்த்தி குறைந்ததும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை நேர்மேலே போனால் திரும்பாது, தப்பித்துப் போய்விடும். டில்லிக்காரர் கேட்பார், திருவாரூர்க்காரர் கேட்க மாட்டார். கஜா வந்தது நடு இரவில். கைப்பேசிக் கோபுரங்கள் படுத்துவிட்ட அந்த நேரத்தில் எனக்கு வேண்டியிருந்தது டில்லி அல்ல, திருவாரூர். அதற்கு 3.6 வேண்டும். செங்குத்து லூப் நேர்மேலேயும் கதிர்வீசும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

குடமுருட்டி | ஞாயிறு, காலை 6.20

தம்பி, நீங்கள் மகிழ்ந்த இடத்தில்தான் நோய் இருக்கிறது. டியூனிங் தாராளமாக இருப்பது உங்கள் லூப் நலமாக இருப்பதன் அடையாளம் அல்ல. உடம்பில் இழப்பு இருப்பதன் அடையாளம். விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

லூப்பில் இரண்டு மின்தடைகள் தொடராக நிற்கின்றன. ஒன்று கதிர்வீச்சு மின்தடை. அதில் செலவாகும் சக்திதான் வானில் போகிறது. மற்றது இழப்பு மின்தடை. அதில் செலவாவது வெறும் சூடு. ஒரே மின்னோட்டம் இரண்டிலும் ஓடுவதால், மொத்தத்தில் கதிர்வீச்சு மின்தடையின் பங்கு எவ்வளவோ அதுவே திறன்.

கதிர்வீச்சு மின்தடைக்கு வழி எளிது. லூப்பின் பரப்பை அலைநீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். வந்த எண்ணை வர்க்கமாக்குங்கள். 31171-ஆல் பெருக்குங்கள். உங்கள் பரப்பு 4 சதுர மீட்டர், அலைநீளம் 83.3 மீட்டர். விடை 0.0103 ஓம். அதாவது பத்து மில்லி ஓம். ஒரு முழ ஒயரின் தடையைவிடப் பெரிதில்லை! இவ்வளவு சிறிய தடையோடு போட்டியிட்டு பெரும்பகுதிச் சக்தியைத் திருடிக்கொள்ள ஐம்பது மில்லி ஓம் இழப்பே போதும்.

இப்போது குழாய். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில்தான் ஓடும். 3.6 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் கனம் 0.035 மி.மீ. குழாய்க்குப் பதில் கெட்டித் தண்டு போட்டாலும் ஒரு பயனும் இல்லை. சுற்றுப்பரப்புதான் கணக்கு. உங்கள் 8 மீட்டர் குழாயின் தடை 57 மில்லி ஓம். மூட்டே இல்லாமல் வானத்தில் தொங்கினால் திறன் 10.3-ஐ 67-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 15 விழுக்காடு. நீங்கள் போட்ட கணக்கு அதுதான். ஆனால் அந்தக் கணக்கில் மூட்டு இல்லை, கபாசிட்டர் இல்லை, தளத்துக்குள் கிடக்கும் இரும்புக் கம்பி இல்லை.

அதிர்வெண்ணைப் பாதியாக்கினால் கதிர்வீச்சு மின்தடை பதினாறில் ஒன்றாகச் சுருங்கும். குழாயின் தடையோ 1.4 மடங்குதான் குறையும். கீழே இறங்க இறங்க லூப் எவ்வளவு கொடுமையாகத் தண்டிக்கிறது என்று பாருங்கள். உங்கள் அதே சட்டத்துக்கு, குழாயின் இழப்பை மட்டும் கொண்டு, கணக்கு இப்படி வரும்: 7.1-இல் 66 விழுக்காடு, 3.6-இல் 15, 1.85-இல் 1.7. உலக வானொலி மாநாடு 2012-இல் அமெச்சூர்களுக்கு ஒதுக்கிய 472–479 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் கதிர்வீச்சு மின்தடை 3 மைக்ரோ ஓம், திறன் 0.015 விழுக்காடு. 50 வாட் ஊட்டினால் வானில் போவது ஏழு மில்லிவாட்.

சரி, உங்கள் உண்மையான மொத்தத் தடையைக் கண்டுபிடிப்போம். நானோ வி.என்.ஏ. (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) இருக்கிறதல்லவா? இணைப்பு வளையத்தைச் சரிசெய்து ஒத்ததிர்வில் எஸ்.டபிள்யூ.ஆர். 1-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு இரு பக்கமும் எஸ்.டபிள்யூ.ஆர். 2.62 ஆகும் அதிர்வெண்களைக் குறியுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஹெர்ட்ஸில் எடுத்து, 6.28-ஆலும் லூப்பின் தூண்டலாலும் (இண்டக்டன்ஸ், ஹென்றியில்) பெருக்கினால் மொத்தத் தடை கிடைத்துவிடும். உங்கள் சட்டத்தின் தூண்டல் கணக்குப்படி 7.1 மைக்ரோஹென்றி. ஆகவே ஒவ்வொரு கிலோஹெர்ட்ஸ் இடைவெளிக்கும் 44.6 மில்லி ஓம். 2.62 என்ற எண்ணை மாற்றிவிடாதீர்கள். அந்த இடத்தில் அளந்தால்தான் லூப்பின் சொந்த இழப்பு, டிரான்ஸ்மிட்டரின் தடை கலக்காமல், நேரடியாகக் கிடைக்கும்.

அளந்து எழுதுங்கள். 1.5 கிலோஹெர்ட்ஸ் வந்தால் குழாயைத் தவிர வேறு இழப்பே இல்லை என்று பொருள். வராது என்பது என் கணிப்பு.

கோரையாற்றங்கரை | ஞாயிறு, காலை 8.50

ஐயா, தளத்தில் வெயில் ஏறுவதற்கு முன் அளந்துவிட்டேன். 5.4 கிலோஹெர்ட்ஸ். மூன்று முறையும் அதே எண்.

5.4-ஐ 44.6-ஆல் பெருக்கினால் 241 மில்லி ஓம். திறன் 4.3 விழுக்காடு. என் 50 வாட்டில் 2 வாட்தான் வெளியே போகிறது. மிச்ச 48 வாட் என் வீட்டு மாடியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. சாதாரண மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்தால் எல்லா மூட்டிலும் 0.1, 0.2 என்று ஆடுகிறது.

உப்பளக்காற்று | ஞாயிறு, காலை 10.10

வேதாரண்யத்திலிருந்து. தம்பி, மூட்டுகளைப் பாருங்கள். எங்கள் பக்கம் உப்பளத்துக் காற்று. ஆறே மாதத்தில் செம்பில் களிம்பு பூத்துவிடும். திருத்துறைப்பூண்டி வரைக்கும் அந்த ஈரம் வந்து சேரும், அதிலும் தென்கிழக்குக் காற்றடிக்கும் நாள்களில்.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் லூப் பச்சையாகப் போனதும், வீட்டில் செப்புக் குடத்தைத் துலக்குவதைப் போல முழுக் குழாயையும் புளி போட்டுத் தேய்த்தேன். பொன் போல மின்னியது. திறனில் எள்ளளவும் மாற்றமில்லை. குழாயின் மேலே படிந்த களிம்பு மின்னோட்டத்தைத் தடுப்பதில்லை. அதற்கு அடியிலுள்ள செம்பில் மின்னோட்டம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு உலோகம் முகத்தோடு முகம் சேரும் இடத்தில் களிம்பு நுழைந்தால்தான் வினை. புளித்தண்ணீர் அந்த இடுக்கில் தங்கி, மறு மாதம் இன்னும் மோசமாக்கியது.

குடமுருட்டி | ஞாயிறு, காலை 11.30

மேலே எழுதியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

மல்டிமீட்டரின் ஓம் நிலைக்கு மில்லி ஓம் கண்ணில் படாது, அதன் ஒயரின் தடையே அதைவிட அதிகம். வேறு வழி இருக்கிறது. கபாசிட்டரைக் கழற்றிவிட்டு, மேசை மின்வழங்கியிலிருந்து 5 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை லூப் முழுவதும் ஓட விடுங்கள். மின்னோட்டம் போகும் ஒயர் தனி, அளக்கும் முனைகள் தனி. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒவ்வொரு மூட்டுக்கும் குறுக்கே தொடுங்கள். வந்த மில்லிவோல்ட்டை ஐந்தால் வகுத்தால் மில்லி ஓம். கபாசிட்டரின் சுழல் அச்சுக்கும் அதன் முனைக்கும் இடையே இதையே 2 ஆம்பியரில் செய்யுங்கள்.

உயர் அதிர்வெண்ணில் தடை இதைவிடக் கூடுதலாக இருக்கும், மின்னோட்டம் விளிம்பில் நெருக்கிக்கொண்டு போவதால். ஆனால் குற்றவாளி யார் என்று இதிலேயே தெரிந்துவிடும்.

கோரையாற்றங்கரை | ஞாயிறு, மாலை 5.45

கண்டுபிடித்துவிட்டேன் ஐயா. இப்படி ஒரு வேறுபாட்டை நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் ஒப்பிடுவதற்காகக் குழாயின் ஒரு முழுப் பக்கத்தை, 2 மீட்டர் நீளத்தை, அளந்தேன். 2.6 மில்லிவோல்ட். பிறகு மூட்டுகள். மேற்குப் பக்க மேல் மூலை 3. மேற்குப் பக்கக் கீழ் மூலை 4. கிழக்குப் பக்க மேல் மூலை 70. கிழக்குப் பக்கக் கீழ் மூலையில் முனைகளை வைத்ததும் 180 என்று காட்டியது. மீட்டரைச் சந்தேகித்து, முனைகளைத் துடைத்து, மீண்டும் வைத்தேன். 180. இரண்டு மீட்டர் செம்பு 2.6 காட்ட, அதன் மூலையிலுள்ள ஒரு விரற்கடை போல்ட் அதைப் போல எழுபது மடங்கு காட்டுகிறது. போல்ட்டைக் கால் சுற்று முடுக்கினால் எண் 120-க்கு இறங்கி, கையை எடுத்ததும் 150-க்கு ஏறுகிறது.

கழற்றிப் பார்த்தேன். வெளியே தெரியும் பகுதி பழுப்பாக, நன்றாகவே இருந்தது. நசுக்கிய இரு முகங்களுக்கும் நடுவே பச்சையும் வெள்ளையுமாக ஒரு படலம். துளையைச் சுற்றி நெல்மணி அளவுக்கு மூன்று இடங்களில்தான் செம்பு செம்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. 50 வாட்டில் பேசும்போது அந்த மூன்று புள்ளி வழியாகத்தான் 14 ஆம்பியர் ஓடியிருக்கிறது. போல்ட்டின் ஓரம் நீலம் பாய்ந்திருந்தது. 36 மில்லி ஓமில் 14 ஆம்பியர் என்றால் அந்த ஒரு மூலையிலேயே 7 வாட் சூடு. வானத்துக்குப் போனது 2 வாட்.

கபாசிட்டரின் அச்சைத் தொட்டு நிற்கும் வில் தகட்டில் 2 ஆம்பியருக்கு 110 மில்லிவோல்ட். 55 மில்லி ஓம்! லூப்பின் குழாய் முழுவதற்கும் உள்ள தடைக்குச் சமம்.

நாச்சியார்கோயில் | ஞாயிறு, இரவு 8.00

நான் வானொலி உரிமம் பெற்றவன் அல்லன். பித்தளை வேலை செய்யும் குடும்பம். ஆர்வத்தால் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். போல்ட்டை விட்டுவிட்டு வெள்ளிப் பற்று வைத்துவிடுங்கள். குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்களிடம் அந்தக் கம்பியும் வாயு விளக்கும் இருக்கும். நசுக்கிய முனையை வெட்டி எறிந்து, முழங்கை இணைப்பு போட்டு, சுற்றிலும் பற்று ஓட விட்டால் ஒரே குழாய் போல ஆகிவிடும். பற்று வைத்தபின் மிஞ்சும் காரத்தைச் சுடுதண்ணீரில் கழுவுங்கள், அது கிடந்தால் அரிக்கும்.

எனக்கு ஒரு கேள்வி. முழுக் குழாய்க்கும் வெள்ளி முலாம் பூசினால் பயன் உண்டா? அல்லது பித்தளைக் குழாயே போடலாமா? எங்களிடம் அது தாராளம்.

குடமுருட்டி | ஞாயிறு, இரவு 8.40

தங்களைப் போன்ற கைவினைஞர் வந்து எழுதியது எங்களுக்குப் பெருமை. முலாம் வேண்டாம். வெள்ளி செம்பைவிட ஐந்தாறு விழுக்காடுதான் நல்ல கடத்தி. தோல் தடையில் அது மூன்று விழுக்காடாகச் சுருங்கிவிடும், 57 மில்லி ஓம் 55 ஆகும். பித்தளை கூடவே கூடாது. அதன் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய கால் பங்கு, தடை 57-லிருந்து 108-க்குத் தாவும். அலுமினியம் 73-இல் நிற்கும், அது பரவாயில்லை, ஆனால் வீட்டில் பற்று வைக்க முடியாது என்பதால் மீண்டும் போல்ட்டுக்கே வந்து நிற்போம்.

கபாசிட்டருக்கு ஒரு வழி சொல்கிறேன். தகடு சுழல்வது அரைச் சுற்றுதான். அதற்கு வழுக்கும் தொடுப்பு எதற்கு? மெல்லிய செம்புத் தகட்டைக் கடிகாரச் சுருள்வில் போல இரண்டு சுற்று சுருட்டி, ஒரு முனையை அச்சிலும் மறுமுனையைக் குழாயிலும் பற்றவைத்துவிடுங்கள். திருகும்போது சுருள் விரிந்து சுருங்கும். தொடுப்பே இல்லை, களிம்பு புக இடமே இல்லை. 0.1 மி.மீ. தகடு போதும், மின்னோட்டத்தின் தோல் 0.035-தானே. பின்னிய ஒயர் வேண்டாம். அதில் ஒவ்வோர் இழையும் மேலும் கீழும் போய்வருவதால் மின்னோட்டம் இழைக்கு இழை தாவ வேண்டியிருக்கும்.

அரசலாறு | ஞாயிறு, இரவு 9.05

அந்தத் தகட்டைத் தேடி அலைய வேண்டாம். கும்பகோணத்தில் பூஜைப் பொருள் கடைகளில் எந்திரம் வரைவதற்கென்று மெல்லிய செப்புத் தகடு விற்கிறார்கள். எழுதாத தகடாகக் கேட்டு வாங்குங்கள். என் சிறிய லூப்புக்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். பூச்சு இருந்தால் மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பற்று வையுங்கள்.

முடிகொண்டான் | திங்கள், மாலை 6.30

மாணவன். உரிமத் தேர்வு எழுதி ஆறு மாதம் ஆகிறது. செம்புக் குழாய் வாங்கும் வசதி இப்போது இல்லை. வீட்டில் பழைய கேபிள் டிவி ஒயர் முப்பது மீட்டர் கிடக்கிறது. அதன் வெளிப்பின்னலை வைத்து இதே அளவு லூப் செய்தால் 1.85-இல் பேச முடியுமா?

குடமுருட்டி | திங்கள், இரவு 7.50

தம்பி, ஆசையைக் குலைக்க விரும்பவில்லை, ஆனால் எண்ணை மறைக்கவும் மாட்டேன். அந்த ஒயரின் வெளிக்கவசம் அலுமினியத் தாளும் பின்னலும். குறுக்களவு ஏறக்குறைய 5 மி.மீ. 1.85-இல் 2 மீட்டர் சதுரத்துக்கு அதன் தடை 230 மில்லி ஓமுக்குக் குறையாது. கதிர்வீச்சு மின்தடை 0.72 மில்லி ஓம். 50 வாட் ஊட்டினால் 0.15 வாட் போகும். மனம் நொந்துவிடுவீர்கள்.

ஆனால் அதே ஒயர் கேட்பதற்கு மிக நன்று. இந்தத் தாழ்ந்த அதிர்வெண்களில் வானத்து இரைச்சலே அவ்வளவு பெரிதாக வருவதால், ஆன்டெனாவின் இழப்பு குரலையும் இரைச்சலையும் ஒன்றாகத்தான் குறைக்கும். காதுக்கு நட்டமில்லை. லூப்பைத் திருப்பினால் ஒரு திசை அடியோடு மங்கும். பக்கத்துப் பம்புசெட்டின் இரைச்சலை அந்தத் திசையில் போட்டுவிட்டால், கம்பியில் கேட்காத குரல் லூப்பில் கேட்கும். சிறுவயதில் திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸை நானே மரச்சட்டத்தில் ஒயர் சுற்றித்தான் சுத்தமாகக் கேட்டேன். முதலில் கேட்கும் லூப் செய்யுங்கள். பேசுவதற்கு, 7.1-க்குப் பத்து மீட்டர் நீளத்தில் இரு கைகளாக ஒரு கம்பி. அது சாதாரண ஒயரில் முடிந்துவிடும்.

கோரையாற்றங்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 9.30

வேலை முடிந்தது. நான்கு மூலைகளிலும் முழங்கை போட்டு வெள்ளிப் பற்று. திருத்துறைப்பூண்டியில் குளிர்பதன வேலை செய்யும் அண்ணன் மாடிக்கே வந்து வைத்துக்கொடுத்தார். சுடர் பட்டு செம்பு செக்கச் சிவந்ததும் கம்பியைத் தொட, பற்று நீர் போல இடுக்கைச் சுற்றி ஓடி மறைந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கபாசிட்டர் அச்சில் கும்பகோணத்துச் செப்புத் தகட்டுச் சுருள்.

அளந்தேன். 5.4 இருந்த இடத்தில் 2.4 கிலோஹெர்ட்ஸ். 107 மில்லி ஓம். திறன் 9.6 விழுக்காடு. 2 வாட் இப்போது 5 வாட்டை நெருங்குகிறது. ஏற்றம் மூன்றரை டெசிபெல்.

இப்போது டியூனிங் உண்மையிலேயே ஊசிமுனைதான். கையால் திருக முடியவில்லை. பல்சக்கரம் வைத்த சிறு மோட்டார் பூட்டியிருக்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இழப்பு குறைந்ததால் லூப்பின் மின்னோட்டம் 14-லிருந்து 21 ஆம்பியருக்கு ஏறிவிட்டது. கபாசிட்டரில் உச்ச மின்னழுத்தம் 50 வாட்டிலேயே 4,900 வோல்ட். மாடியில் வடகமும் நெல்லும் காயப்போடும் வீடு எங்களுடையது. ஆகவே லூப்பைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டி, மாடிக் கதவில் ஒரு சுவிட்ச் வைத்துவிட்டேன். கதவு திறந்தால் டிரான்ஸ்மிட்டருக்கு மின்சாரம் இல்லை. லூப் கட்டும் எல்லோரும் இதைச் செய்யுங்கள். 50 வாட்தானே என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நேற்றிரவு திருச்சியிலிருந்து, "என்ன, கம்பி கட்டிவிட்டீர்களா?" என்று கேட்டார்கள்.

வெண்ணாற்றங்கரை | அடுத்த ஞாயிறு, இரவு 10.05

நண்பரே, உழைப்புக்குத் தலைவணங்குகிறேன். கம்பி கட்ட இடமுள்ளவர்கள் கம்பியே கட்ட வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் உங்கள் மனையில் இதுவே வழி என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கணக்கில் இன்னும் 40 மில்லி ஓம் உதைக்கிறது. குழாய் 57, கதிர்வீச்சு 10. மீதி? தளத்தைச் சொல்வேன். அரை மீட்டருக்குக் கீழே கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி வலை படுத்திருக்கிறது. லூப்பின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்தச் சூட்டுக்கான கூலியையும் லூப்தான் கொடுக்கிறது. உயர்த்திப் பாருங்கள்.

கோரையாற்றங்கரை | செவ்வாய், இரவு 8.15

மூங்கில் சட்டம் கட்டி அடிப்பக்கத்தை 2 மீட்டருக்கு உயர்த்தினேன். 2.1 கிலோஹெர்ட்ஸ், 94 மில்லி ஓம். திறன் 11 விழுக்காடு. ஐயா சொன்னது சரி. இதற்கு மேல் உயர்த்தினால் காற்றுக்குத் தாங்காது.

ஐப்பசி மழை தொடங்கியதும், சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது ஒருமுறை, மழை விட்டபின் ஒருமுறை அளந்து இங்கே எழுதுகிறேன். பற்று வைத்த மூட்டு உப்புக்காற்றைத் தாங்குகிறதா என்பது அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

உப்பளக்காற்று | செவ்வாய், இரவு 9.00

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் அளந்தேன். இரண்டு ஆண்டுக்கு முன் கட்டிய லூப், உங்கள் அளவே. 6.8 கிலோஹெர்ட்ஸ். 300 மில்லி ஓம். எதிலிருந்து தொடங்கட்டும்?

குடமுருட்டி | செவ்வாய், இரவு 9.10

கபாசிட்டரிலிருந்து. மூலைகளைப் பிறகு பாருங்கள்.